பி.எல்.ஏ.வில் படிகமாதலைக் கட்டுப்படுத்துவது எப்படி? குருணை முதல் சூடு தாங்கும் கரண்டி வரை

பி.எல்.ஏ. என்பது பாலிலாக்டிக் அமிலம், லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் மட்கும் பிளாஸ்டிக். பி.எல்.ஏ. கரண்டியைச் சூடான ரசத்தில் விட்டால் வளைந்துவிடும். 55 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் அதன் ஒழுங்கற்ற பகுதி இளகிவிடுவதுதான் காரணம். அதே பி.எல்.ஏ. போதிய அளவு படிகமாகியிருந்தால் 100 டிகிரி வரைகூட விறைப்பாக நிற்கும். வேதியியல் மாறுவதில்லை, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அடுக்கி நிற்கும் விதம் மட்டுமே மாறுகிறது: ஒழுங்காக அடுக்கினால் படிகம், இல்லையென்றால் ஒழுங்கற்ற பகுதி.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் டால்க் மூட்டையோடு, அதாவது படிகமாதலைத் தூண்டும் வெள்ளைக் கனிமப் பொடியோடு, தொடங்குகிறார்கள். டால்க் இந்த வழிகாட்டியில் ஆறாவது படி. முந்தைய ஐந்தையும் தாண்டிக் குதித்தால் டால்க் வேலை செய்யாது. செய்தாலும், எதனால் செய்தது என்று சொல்ல முடியாது.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை மோல்டு எனும் அச்சுக்குள் செலுத்தி, கரண்டி, கிண்ணம் போன்றவை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பி.எச்.பி.வி. என்ற இன்னொரு மட்கும் பிளாஸ்டிக்குக்கு எங்கே மாறும் என்பது கடைசிப் பகுதியில்.

1. கையில் இருக்க வேண்டியவை

கிரேடு, அதாவது எந்த ரகம் என்ற விவரத் தாளோடு வந்த பி.எல்.ஏ. குருணை. வறண்ட காற்று அடிக்கும் ட்ரையர், அதாவது ஈரம் உறிஞ்சும் படுகை உள்ளது. வெறும் சூடான காற்று அடிக்கும் ஹாப்பர் ட்ரையர் மழைக்காலத்தில் போதாது. உருகு ஓட்டம் அளக்கும் எம்.எஃப்.ஐ. கருவி. 120 டிகிரி வரை மோல்டைச் சூடாக்கக்கூடிய டெம்பரேச்சர் கன்ட்ரோலர்.

அடுத்தது டி.எஸ்.சி., வெப்ப ஓட்டத்தை அளக்கும் கருவி. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற சோதனைக் கூடங்களில் கட்டணத்துக்குச் செய்துகொள்ளலாம். ஆனால் வெளியே கொடுக்கும்போது 'டி.எஸ்.சி. வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்களுக்குப் பயன்படாத வரைபடம் வந்து சேரும். எந்த வேகத்தில், எத்தனை முறை சூடாக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது ஐந்தாவது படியில் வருகிறது.

2. எந்தக் குணம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

படிகம் கூடினால் எல்லாமே நன்றாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சூடு தாங்கும் திறன் கூடும். விறைப்பு கூடும். ஆக்சிஜனும் நீராவியும் ஊடுருவுவது குறையும். கூடவே ஒளி ஊடுருவும் தன்மை போகும், சுருக்கம் கூடும், நீரால் சிதையும் வேகம் குறையும்.

உடையாத தன்மை வேண்டுமென்றால் அதற்குப் படிகம் மருந்தல்ல. பி.எல்.ஏ. இழுத்தால் சில சதவீதம் நீண்டதுமே முறியும். படிகமாக்கினாலும் அதில் பெரிய மாற்றம் இருக்காது. அதற்கு பி.பி.ஏ.டி. போன்ற மென்மையான பாலிமரைக் கலக்க வேண்டும், அது வேறு வேலை.

கண்ணாடி போன்ற தெளிவும் சூடு தாங்கலும் சேர்ந்து வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். சாதாரண மோல்டிங்கில் இரண்டையும் தர முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். இருபுறமும் இழுத்து நீட்டிய ஃபிலிமில் படிகங்கள் மிக நுண்ணியவையாக உருவாவதால் தெளிவு நிற்கும். தடித்த கிண்ணத்தில் அது நடக்காது.

3. கிரேடைச் சரிபாருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். லாக்டிக் அமிலத்துக்கு எல், டி என இரண்டு வடிவங்கள் உண்டு, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் போல. சங்கிலி முழுவதும் எல் வடிவமாக இருந்தால் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். நடுநடுவே டி வந்தால் அந்த இடத்தில் அடுக்கு முறியும்.

டி அளவு ஒரு சதவீதம் கூடினால் உருகுநிலை ஏறத்தாழ 5 டிகிரி இறங்கும். படிகமாகும் வேகம் அதைவிட மோசமாகக் குறையும். டி அளவு 10 சதவீதத்தை நெருங்கினால் படிகமே வராது. நேச்சர்வொர்க்ஸ் நிறுவனத்தின் 4060டி கிரேடு அப்படிப்பட்டது. அதில் எந்தப் பொருளைப் போட்டாலும் பயனில்லை. 2003டி கிரேடில் டி சுமார் 4 சதவீதம், அது படிகமாகும், ஆனால் மோல்டு காத்திருக்கும் நேரத்தில் முடிக்காது. அச்சு வேலைக்கு 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள கிரேடுதான் வேண்டும்.

பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கவனியுங்கள். லூமினி என்ற பிராண்டின் எல்175 கிரேடில் எல் தூய்மை 99 சதவீதத்துக்கு மேல், உருகுநிலை 175 டிகிரி. எல்எக்ஸ்175 கிரேடில் எல் 96 சதவீதம்தான், உருகுநிலை 155 டிகிரி. வாங்கும் பிரிவில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், விலை குறைந்தது எதுவோ அது வந்துவிடும்.

விவரத் தாள் இல்லாத குருணை கைக்கு வந்தால் டி.எஸ்.சி.யில் உருகுநிலையைப் பாருங்கள். 170க்கு மேல் என்றால் நல்லது. 150ஐ ஒட்டி இருந்தால் வேறு கிரேடு தேடுங்கள். உருகும் முகடே இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

4. உலர்த்துங்கள், உலர்ந்ததை நிரூபியுங்கள்

ஈரம் 250 பி.பி.எம்.க்குக் கீழே இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷனுக்கு 100க்குக் கீழே இருந்தால் நிம்மதி. படிகக் குருணைக்கு 80 டிகிரி, 4 மணி நேரம், மைனஸ் 40 டிகிரி பனிநிலை உள்ள (அந்த அளவுக்கு வறண்ட) காற்று போதும்.

படிகமாகாத குருணையையோ, அரைத்த ரன்னர் கழிவையோ (மோல்டின் ஓடுபாதையில் உறைந்த மிச்சம்) அதே 80 டிகிரியில் போட்டால் ஹாப்பருக்குள் ஒட்டிக் கட்டியாகிவிடும். 60 டிகிரி தாண்டியதும் அது இளகும் என்பதை மறக்கக் கூடாது. அவற்றை 45 முதல் 50 டிகிரியில் நீண்ட நேரம் உலர்த்துங்கள், அல்லது கிளறிக்கொண்டே சூடாக்கி முதலில் படிகமாக்குங்கள்.

இந்தப் படியை நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ஈரத்தோடு உருக்கினால் நீர் சங்கிலிகளை வெட்டும். குட்டையான சங்கிலி எளிதாக அசையும், அதனால் வேகமாகப் படிகமாகும். புதியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தான் போட்ட சேர்மானம் வேலை செய்கிறது என்று மகிழ்வார். உண்மையில் வேலை செய்தது ஈரம். அந்தக் கரண்டி கையில் அழுத்தினாலே ஒடியும்.

அதனால் ஒவ்வொரு கலவைக்கும் உருக்குவதற்கு முன்னும் பின்னும் எம்.எஃப்.ஐ. எடுங்கள், 210 டிகிரி, 2.16 கிலோ எடையில். கலவையின் எண் மிக அதிகமாக ஏறியிருந்தால் அந்தத் தொகுதியின் படிக முடிவுகளை ஒதுக்கிவிடுங்கள்.

5. எதுவும் சேர்க்காமல் ஒரு டி.எஸ்.சி. வரைபடம் எடுங்கள்

ஒப்பிட அடிப்படை இல்லாமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது. 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரி. 25 முதல் 200 டிகிரி வரை நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடாக்குங்கள். 200இல் 3 நிமிடம் நிறுத்துங்கள். அதே வேகத்தில் குளிர்வித்து மறுபடி சூடாக்குங்கள்.

முதல் சூடாக்கல் பொருளின் கடந்த காலத்தைச் சொல்லும்: எந்த மோல்டில், எவ்வளவு வேகத்தில் குளிர்ந்தது என்பதை. இரண்டாவது சூடாக்கல் அந்த நினைவெல்லாம் அழிந்த பிறகு வருவது, அதில் பொருளின் இயல்பு தெரியும். கரண்டி சரியாக வந்ததா என்று பார்க்க முதல் வரைபடம். கலவைகளை ஒப்பிட இரண்டாவதும், நடுவில் உள்ள குளிர்வித்தலும். பல அறிக்கைகளில் இரண்டாவதை மட்டும் போட்டுவிட்டுக் கரண்டியைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

வெறும் பி.எல்.ஏ. வரைபடத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

60 டிகிரியை ஒட்டி ஒரு படிக்கட்டு. பழைய மாதிரியாக இருந்தால் படிக்கட்டோடு சேர்ந்து ஒரு சிறு முகடும் இருக்கும். அறை வெப்பத்தில் கிடந்து மூப்படைந்ததன் அடையாளம் அது. அதைப் படிகம் உருகுவதாக எண்ணிக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு.

95 முதல் 120 டிகிரிக்குள் வெப்பத்தை வெளிவிடும் ஒரு முகடு. அது கருவிக்குள் சூடாக்கும்போது புதிதாகப் படிகமானது. உங்கள் பொருளில் ஏற்கெனவே இருந்ததல்ல.

150 முதல் 180க்குள் உருகும் முகடு.

படிக அளவுக்கான கணக்கு இது: உருகும் வெப்பத்திலிருந்து நடுவில் படிகமான வெப்பத்தைக் கழித்து, 93ஆல் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். முழுவதும் படிகமான பி.எல்.ஏ. ஒரு கிராமுக்கு 93 ஜூல் எடுக்கும் என்பது வழக்கமாகக் கொள்ளும் மதிப்பு. உருகியது 42 ஜூல், நடுவில் படிகமானது 30 ஜூல் என்றால் மீதி 12. அதாவது படிகம் 13 சதவீதம். கழிக்க மறந்தால் 45 சதவீதம் என்று வரும். அந்த 45ஐ நம்பி அனுப்பிய சரக்கு ரசத்தில் வளையும்.

டால்க் போட்டிருந்தால் 93ஐ பி.எல்.ஏ.வின் பங்கால் பெருக்க வேண்டும். 20 சதவீத டால்க் உள்ள கலவையில் 93 அல்ல, 74.4. மீதி 30 ஜூல் என்றால் சரியான விடை 40 சதவீதம். பங்கை மறந்தால் 32 என்று வந்து நல்ல கலவையைத் தூக்கி எறிவீர்கள்.

உருகும் முகட்டுக்குச் சற்று முன்னால் இன்னொரு சிறு வெளிவிடும் முகடு தெரிந்தால் அதையும் கழியுங்கள். அது எதனால் வருகிறது என்பது எட்டாவது படியில்.

6. நியூக்ளியேட்டரைத் தேர்ந்தெடுங்கள்

பனங்கற்கண்டு காய்ச்சும் பானையில் நூல் கட்டித் தொங்கவிடுவதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. படிகம் தொடங்க ஓர் இடம் வேண்டும். இடம் குறைவாக இருந்தால் சில படிக உருண்டைகளே தோன்றி ஒவ்வொன்றும் பெரிதாக வளரும். அவற்றின் எல்லைகளில் விரிசல் ஓடும். இடம் நிறைய இருந்தால் உருண்டைகள் சிறியவையாக, நெருக்கமாக, வேகமாக நிரம்பும். நியூக்ளியேட்டர், அதாவது படிகத்துக்கு விதையாகும் சேர்மானம், தருவது அந்த இடங்களைத்தான். படிக அளவின் உச்ச வரம்பை அது உயர்த்தாது, அங்கே போய்ச் சேரும் நேரத்தைக் குறைக்கும்.

டால்க். மலிவு, எளிதில் கிடைக்கும், பி.எல்.ஏ. படிகம் அதன் தட்டையான பரப்பில் நன்றாகப் பிடித்து வளரும். நுண்ணியதாக, ஓரிரு மைக்ரான் துகளாக வாங்குங்கள். விதையாக மட்டும் பயன்பட 1 சதவீதம் போதும். கடையில் கிடைக்கும் படிகக் கரண்டிகளில் 20 முதல் 30 சதவீதம் இருப்பது விறைப்புக்கும் விலைக்கும் சேர்த்து. தொடங்குபவருக்கு நான் எப்போதும் டால்க்கைத்தான் சொல்வேன். அது போதாது என்று எண்களில் தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

கால்சியம் கார்பனேட் டால்க்குக்கு மாற்று அல்ல. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதைத் தவிர இந்த வேலையில் ஒற்றுமை குறைவு. விதையாக அது பலவீனமானது. மேற்பூச்சு இல்லாத வகை காரத்தன்மையால் சங்கிலியையும் வெட்டும்.

சிங்க் ஃபீனைல் பாஸ்போனேட். குறைந்த அளவிலேயே டால்க்கைவிட வேகமாக வேலை செய்யும், விலையும் அதற்கேற்ப. மோல்டு காத்திருக்கும் நேரம் உங்கள் லாபத்தைத் தின்கிறது என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓரோட்டிக் அமிலம், எத்திலீன் பிஸ் ஸ்டியரமைடு போன்ற கரிமப் பொருள்கள். முன்னது 0.3 சதவீதத்திலேயே பலன் தரும். இரண்டாவது விதை என்ற அளவில் சுமார்தான், ஆனால் மோல்டில் ஒட்டாமல் கழல உதவும்.

பி.டி.எல்.ஏ., அதாவது முழுவதும் டி வடிவமான பி.எல்.ஏ. 1 முதல் 5 சதவீதம் சேர்த்தால் எல் சங்கிலியோடு கைகோத்துத் தனிவகைப் படிகம் உண்டாகும். அது 220 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் பி.எல்.ஏ. உருகிய பிறகும் கரையாமல் விதையாக நிற்கும். இதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: பேரல், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கும் உருளையின் வெப்பத்தை 190 முதல் 200க்குள் வைத்தால்தான் விதை பிழைக்கும். ஓட்டம் போதவில்லை என்று இயக்குபவர் 230க்கு ஏற்றிவிட்டால் விதைகளும் உருகிப் போகும். மறுநாள் அதே கலவை வேலை செய்யவில்லை என்று புகார் வரும். பி.டி.எல்.ஏ. போட்டால் பேரல் வெப்பத்தைப் பூட்டி வையுங்கள்.

7. கலக்குங்கள்

பொடியை நேரே ஹாப்பரில் கொட்டாதீர்கள். குருணை கீழே போகும், பொடி சுவரில் ஒட்டும், கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் முதலில் அதிகச் செறிவுள்ள மாஸ்டர்பேட்ச் செய்து, பிறகு பி.எல்.ஏ.வோடு கலப்பதே சீராக இருக்கும்.

டால்க்கையும் உலர்த்துங்கள். பி.எல்.ஏ.வை நான்கு மணி நேரம் உலர்த்திவிட்டு, மழைக்காலத்தில் திறந்து கிடந்த டால்க்கைச் சேர்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

உருகு வெப்பம் 190 முதல் 210. அதற்கு மேல் நீண்ட நேரம் பேரலில் தங்கினால் சங்கிலி சிதையும். கலவையை மெல்லிய ஃபிலிமாக அழுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தால் டால்க் கட்டியாகியிருக்கிறது. கட்டி ஒரே ஒரு விதையாகத்தான் வேலை செய்யும், ஆனால் விரிசல் தொடங்கும் இடமாக மிகத் திறமையாக வேலை செய்யும்.

8. எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம் என்று கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையின் மையம் இந்தப் படி. இதில் செலவிடும் ஒரு வாரம், மோல்டில் ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

படிகமாக இரண்டு தேவை: விதை தோன்றுவது, அதன்மேல் சங்கிலி வந்து அடுக்குவது. வெப்பம் அதிகமானால் விதை நிலைக்காது. வெப்பம் குறைந்தால் சங்கிலி அசையாது. 60 டிகிரிக்குக் கீழே எல்லாம் உறைந்துவிடும். அதனால் நடுவில் ஓர் இடைவெளியில்தான் வேகம் உச்சத்தில் இருக்கும். பி.எல்.ஏ.வுக்கு அது 100 முதல் 120 டிகிரி.

டி.எஸ்.சி.யில் மாதிரியை 200 டிகிரியில் 3 நிமிடம் உருக்குங்கள். கருவியால் முடிந்த அதிவேகத்தில் 110க்கு இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். ஒரு முகடு எழுந்து அடங்கும். அதன் பரப்பில் பாதி முடியும் நேரம்தான் அரைநேரம். இதையே 90, 100, 120, 130 டிகிரிகளிலும் செய்து, வெப்பத்துக்கு எதிராக அரைநேரத்தை வரையுங்கள். அடியில் வளைந்த கிண்ணம் போல ஒரு கோடு வரும். கிண்ணத்தின் அடிப்பகுதி உங்கள் மோல்டு வெப்பம்.

சேர்மானம் இல்லாத தூய பி.எல்.ஏ.வில் அடிப்பகுதியே சில நிமிடங்களாக இருக்கும். எந்த முதலாளியும் ஒரு கரண்டிக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். 1 சதவீத நல்ல டால்க் அதை ஒரு நிமிடத்தை ஒட்டிக் கொண்டுவரும்.

அரைநேரத்தை வைத்து மோல்டு நேரத்தை ஊகிக்க ஒரு வழி உண்டு. படிகமாதல் நேரத்தோடு எப்படி முன்னேறும் என்று சொல்லும் அவ்ராமி சமன்பாட்டின் அடுக்கு எண் 3க்கு அருகில் இருந்தால், அரைநேரத்தின் ஒன்றரை மடங்கில் படிகமாதலின் 90 சதவீதம் முடிந்துவிடும். அரைநேரம் 40 விநாடி என்றால் ஒரு நிமிடம். மீதிப் பத்து சதவீதத்துக்காக இன்னொரு நிமிடம் காக்க வேண்டியதில்லை.

ஒரு பொறி: வேகமான கலவையில் 110க்கு இறங்கும் வழியிலேயே படிகமாதல் தொடங்கிவிடும். முகட்டின் இடது ஓரம் வெட்டப்பட்டது போலத் தெரிந்தால் அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். அப்போது வேறு வழியில், நிமிடத்துக்கு 10, 20, 40 டிகிரி என்ற குளிர்விக்கும் வேகங்களில் முகடு எங்கே வருகிறது என்று ஒப்பிடுங்கள். 40இலும் முகடு பெரிதாக நிற்கும் கலவைதான் மோல்டில் பிழைக்கும்.

இன்னொன்று, வடிவம். 120 டிகிரியில் உருவாவது ஆல்ஃபா எனும் நெருக்கமான படிகம். 100க்குக் கீழே உருவாவது சற்றுத் தளர்வான, ஒழுங்கு குறைந்த வகை, ஆல்ஃபா பிரைம் என்பார்கள். இடையில் இரண்டும் கலந்திருக்கும். தளர்வான வகை பின்னால் சூடாகும்போது ஆல்ஃபாவாக மாறுகையில் வெளிவிடும் வெப்பம்தான் ஐந்தாவது படியில் சொன்ன சிறு முகடு. விறைப்பும் வாயுத் தடுப்பும் ஆல்ஃபாவில்தான் அதிகம். படிக சதவீதம் ஒன்றாக இருந்தும் இரண்டு மாதிரிகள் வேறுவேறாக நடந்துகொண்டால் இங்கே தேடுங்கள்.

9. மோல்டில் செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு.

சூடான மோல்டு. மோல்டை 100 முதல் 110 டிகிரியில் வைத்து, உள்ளேயே படிகமாக்கி எடுப்பது. அளவு துல்லியமாக வரும், இரண்டாவது வேலை இல்லை. கலவை வேகமாக இருக்க வேண்டும். படிகம் முழுதாக வராமல் தள்ளினால் பொருள் 60 டிகிரிக்கு மேல் மெத்தென்று இருக்கும், தள்ளும் பின் அதைக் குத்தி உள்ளே போகும். சாதாரண நீர் கன்ட்ரோலர் இந்த வெப்பத்துக்கு வராது. அழுத்த நீர் அல்லது எண்ணெய் வகை வேண்டும். குழாய்களையும் அந்த வெப்பத்துக்கு ஏற்றதாக மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாயில் 110 டிகிரி எண்ணெய் ஓடுவது உயிர் ஆபத்து.

குளிர்ந்த மோல்டு, பிறகு ஓவன். 25 டிகிரி மோல்டில் வேகமாக ஒழுங்கற்ற கரண்டியை எடுத்து, 100 முதல் 120 டிகிரி ஓவனில் சில நிமிடங்கள் வைப்பது. இருக்கும் இயந்திரத்திலேயே தொடங்கலாம். சிக்கல், கோணல். ஓவனில் கரண்டி முதலில் இளகும், அப்புறம்தான் படிகம் வந்து பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் மோல்டிங்கில் உறைந்த இழுவிசை விடுபட்டுக் கைப்பிடி முறுக்கும். கரண்டியின் வடிவத்திலேயே செய்த தாங்கியில் ஒன்றொன்றாக வையுங்கள். குவியலாகக் கொட்டினால் நடுவில் உள்ளவை சூடேறாது, ஓரத்தில் உள்ளவை ஒட்டிக்கொள்ளும்.

40 முதல் 80 டிகிரி வரை மோல்டை வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பொருள் கடினமாகும் அளவுக்குக் குளிராது, படிகமாகும் அளவுக்குச் சூடும் இல்லை. 'கொஞ்சம் சூடு, கொஞ்சம் படிகம்' என்று நினைத்து 60இல் வைப்பவர்கள் நாள் முழுக்க மோல்டிலிருந்து பொருளைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருப்பார்கள். ஒன்று கீழே இருங்கள், அல்லது ஒரேயடியாக 100க்குப் போங்கள்.

சுருக்கமும் மாறும். ஒழுங்கற்ற பி.எல்.ஏ. அரை சதவீதத்துக்குள் சுருங்கும், படிகமானது 1 சதவீதத்தை ஒட்டி. மூடியும் டப்பாவும் பொருந்த வேண்டிய பொருளாக இருந்தால், பழைய மோல்டில் சூட்டை மட்டும் ஏற்றி ஓட்ட முடியாது.

10. பிளாஸ்டிசைசர் தேவைதானா?

பிளாஸ்டிசைசர் என்பது பிளாஸ்டிக்கை இளக்கும் சேர்மானம். பெரும்பாலும் தேவையில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால், அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட் போன்றவற்றை 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் சங்கிலி எளிதாக அசையும், குறைந்த மோல்டு வெப்பத்திலும் படிகம் வரும். டால்க்கோடு சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். தனியாகப் போட்டால், விதை இல்லாமல் அசைவு மட்டும் கூடி அதிகம் உதவாது.

ஆனால் படிகத்துக்குள் பிளாஸ்டிசைசருக்கு இடமில்லை. படிகம் வளர வளர அது மிச்சப் பகுதிக்குத் தள்ளப்படும், மாதங்கள் கழித்து மேற்பரப்பில் பிசுபிசுப்பாகக் கசியும். கிடங்கில் சில மாதம் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் எடுக்க வேண்டாம்.

11. செய்த பொருளிலேயே சோதியுங்கள்

சோதனைப் பட்டையில் வந்த எண் கரண்டியில் வராது. கரண்டியில் மூன்று இடங்களில் வெட்டி எடுங்கள்: உருகு நுழையும் இடம், கைப்பிடியின் நுனி, குழியின் மெல்லிய ஓரம். முதல் சூடாக்கலை மட்டும் பாருங்கள். மெல்லிய ஓரத்தில் 100 டிகிரியை ஒட்டி வெளிவிடும் முகடு இன்னும் இருந்தால், அந்த இடம் வேகமாகக் குளிர்ந்து படிகமாகாமல் நின்றுவிட்டது. ரசத்தில் முதலில் வளைவதும் அதே இடம்தான்.

போலரைஸ் ஒளி நுண்ணோக்கி கிடைத்தால் மெல்லிய சீவலைப் பாருங்கள். விதை குறைந்த பி.எல்.ஏ.வில் கறுப்புச் சிலுவை போட்ட பெரிய உருண்டைகள் தனித்தனியே தெரியும். நன்றாக வேலை செய்த கலவையில் உருண்டையைப் பிரித்தறிய முடியாது, மணல் தூவியது போல இருக்கும்.

சூடு தாங்கலுக்கு, சுமையின் கீழ் எந்த வெப்பத்தில் வளைகிறது என்று அளக்கும் எச்.டி.டி. சோதனையை 0.45 மெகாபாஸ்கல் சுமையில் எடுங்கள். படிகமாகாதது 55 டிகிரியை ஒட்டி விழும். நன்கு படிகமானது 100ஐத் தாண்டும். 1.8 மெகாபாஸ்கலில் எடுத்தால் எண் குறைவாகத்தான் வரும். இரு சப்ளையர்களின் எண்களை ஒப்பிடும்முன் சுமை ஒன்றுதானா என்று கேளுங்கள்.

12. மட்கும் தன்மையை மறுபடி சோதியுங்கள்

படிகப் பகுதிக்குள் நீர் நுழைவது கடினம், சிதைவு ஒழுங்கற்ற பகுதியில்தான் தொடங்கும். எனவே குருணைக்கு இருக்கும் சான்றிதழ், நீங்கள் படிகமாக்கிய தடித்த கரண்டிக்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது. மட்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்.ஓ. 17088 வகைச் சோதனையில், தொழில்முறை உரக்குழியின் சூட்டில் 12 வாரத்தில் பொருள் உடைந்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தடிமன் கூடினால் இந்த இடத்தில் தோற்கலாம். தடிமனை முடிவு செய்யும்போதே இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேர்மானத்திலும் வரம்பு உண்டு. மட்குமா என்று நிரூபிக்கப்படாத கரிமப் பொருள் ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்குள், எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டால்க் கனிமம் என்பதால் இந்த வரம்பில் வராது. இந்தியாவில் விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் தேவை. கலவையை மாற்றினால் பழைய தாள் செல்லுமா என்று சரக்கு அனுப்பும்முன் கேட்டுவிடுங்கள்.

13. பி.எச்.பி.வி. என்றால் எது மாறும்?

வரிசை இதேதான், சிக்கல் மட்டும் தலைகீழ். பி.எல்.ஏ. படிகமாகத் தயங்கும். பி.எச்.பி.வி. நன்றாகப் படிகமாகும், ஆனால் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்து மிகத் தூய்மையாக வருவதால் விதைகள் குறைவு. சிலவே தோன்றிப் பெரிய உருண்டைகளாக வளரும், அவற்றுக்குள்ளேயே விரிசல் விழும். போரான் நைட்ரைடு இதற்கு நல்ல விதை. டால்க் இங்கே இரண்டாம் இடம்தான்.

அதன் இளகும் வெப்பம் அறை வெப்பத்துக்கும் கீழே. அதனால் மோல்டிலிருந்து எடுத்த பிறகும் மேசைமேல் கிடந்தபடியே படிகமாகிக்கொண்டிருக்கும். எடுத்த அன்று வளைந்து கொடுத்த பட்டை சில வாரத்தில் ஒடியும். இழுவைச் சோதனையை எடுத்த அன்றே செய்து அறிக்கை எழுதாதீர்கள். ஒரு பகுதி மாதிரியை ஒரு மாதம் அறை வெப்பத்தில் வைத்து மறுபடி இழுத்துப் பாருங்கள். உருக்கும் வெப்பத்திலும் இடம் குறைவு: 170 டிகிரியை ஒட்டி உருகும், 180 தாண்டியதும் சிதையத் தொடங்கும். பேரலில் மிச்சம் தங்கவிடாமல், இயந்திரத்தை நிறுத்தும்போதெல்லாம் பி.எல்.ஏ. போட்டுக் கழுவி வெளியேற்றுங்கள்.